வேடந்தாங்கலில் பருவந்தோறும் பறவை நோக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு முதன்முறையாக வருவோரும், ஒருமுறை வந்து ஏமாற்றத்தோடு திரும்பியவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. கரிக்கிலி ஏரி அண்மையிலேயே இருப்பதாலும், அதை விட்டுவிட்டு வேடந்தாங்கலைப் பற்றி மட்டும் பேசினால் பாதிப் பறவைகள் விடுபட்டுப் போகும் என்பதாலும், அதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எந்த மாதத்தில் வந்தால் பறவைகளை நிறையக் காணலாம்?

நவம்பர் பிற்பகுதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை என்பது பொதுவான விடை. டிசம்பரும் ஜனவரியும் அந்தக் காலத்தின் உச்சம். ஆனால் மாதத்தை மட்டும் நம்பிப் புறப்படுவோர்தான் பெரும்பாலும் ஏமாற்றம் அடைகிறார்கள். வேடந்தாங்கல் ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு பாசன ஏரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி, அதற்குள் நிற்கும் கடப்ப மரங்களும் கருவேல மரங்களும் இடுப்பளவு நீரில் நின்றால்தான் பறவைகள் கூடு கட்டத் துணிகின்றன. நீர் சூழ்ந்த மரத்தைக் காட்டுப் பூனையோ நரியோ நாயோ எளிதில் நெருங்க முடியாது என்பது அவற்றுக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு. ஆகவே புறப்படுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “இந்த ஆண்டு ஏரியில் தண்ணீர் எவ்வளவு?” என்பதே. வனத்துறை அலுவலகத்திலோ, ஊரில் யாரிடமோ, அண்மையில் போய்வந்த பறவை ஆர்வலரிடமோ இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மழை முன்னதாகப் பெய்த ஆண்டில் அக்டோபர் இறுதியிலேயே பறவைகள் வந்து மரங்களைப் பார்வையிடத் தொடங்கிவிடும். மழை தாமதித்தால் அவையும் தாமதிக்கும். 2016-ஆம் ஆண்டைப் போல வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்க்கும் ஆண்டுகளில், நாட்காட்டி டிசம்பரைக் காட்டினாலும் மரங்கள் வெறுமையாகவே நிற்கும். பறவைகள் நீருள்ள வேறு இடங்களைத் தேடிப் போய்விடும்.

இங்கே வரும் பறவைகள் சைபீரியாவிலிருந்து வருகின்றன என்பது உண்மைதானா?

ஒரு பகுதி மட்டுமே உண்மை. ஒவ்வோர் ஆண்டும் “வெளிநாட்டுப் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வருகை” என்ற செய்தியைப் படித்துவிட்டு வருவோர், மரம் நிறைய அமர்ந்திருக்கும் நாரைகளைப் பார்த்து அவையெல்லாம் கடல் கடந்து வந்தவை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த மரங்களில் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகங்கள், வக்கா (இராக்கொக்கு), கொக்கு இனங்கள் ஆகிய யாவும் இந்தியத் துணைக்கண்டத்தின் பறவைகளே. மழையையும் உணவையும் பின்தொடர்ந்து ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்கு, சில வேளைகளில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு, அவை இடம் மாறுகின்றன.

வடக்கே மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியப் பகுதிகளிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருபவை பெரும்பாலும் சிறியவை: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து, பல வகை உள்ளான்கள் (சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகள்), சேற்றுப் பூனைப்பருந்து, தகைவிலான். இவை இங்கே உணவு உண்டு, ஓய்வெடுத்து, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு திரும்புகின்றனவே தவிர இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் முட்டையும் குஞ்சும் வடக்கேதான். இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கூடு கட்டும் பறவைகளுக்கு இதுவே தாய்வீடு. அவற்றைத் தொலைவிலிருந்து வந்த விருந்தாளிகளாக எண்ணினால், நம் ஏரிகள் வற்றினாலும் அவை எங்கோ பிழைத்துக்கொள்ளும் என்ற தவறான ஆறுதல் நமக்குள் புகுந்துவிடும்.

நவம்பர் முதல் மார்ச் வரை ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்க்கலாம்?

நவம்பரில் பார்க்க வேண்டியது கட்டுமானம். நத்தைகுத்தி நாரைகள் பச்சைக் குச்சிகளை அலகில் ஏந்தி வந்து இணையிடம் கொடுப்பதையும், பக்கத்துக் கூட்டிலிருந்து குச்சி திருடுவதையும், அதனால் எழும் சண்டைகளையும் மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். பிற பருவங்களில் சாம்பல் பூத்திருக்கும் இவற்றின் இறகு இப்போது தூய வெண்மையாக மாறியிருக்கும். கொக்குகளின் முதுகில் மெல்லிய அலங்கார இழைகள் தொங்கும். மரத்தில் இடம் பிடிப்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு: கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை போன்ற பெரியவை உச்சிக் கிளைகளையும், நீர்க்காகமும் வக்காவும் சிறு கொக்குகளும் பெரும்பாலும் கீழ்க்கிளைகளையும் எடுத்துக்கொள்கின்றன. ஒரே மரத்தில் நாலைந்து இனங்கள் மாடி மாடியாகக் குடியிருப்பதைப் பார்க்க இதைவிட ஏற்ற இடம் தமிழ்நாட்டில் மிகச் சிலவே.

டிசம்பரில் அமைதி கூடும், ஏனெனில் பல கூடுகளில் அடைகாத்தல் நடந்துகொண்டிருக்கும். நத்தைகுத்தி நாரையின் முட்டை பொரிய ஏறக்குறைய 25 நாளும், மஞ்சள்மூக்கு நாரைக்கும் கூழைக்கடாவுக்கும் ஏறக்குறைய 30 நாளும் ஆகும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இணை மாறும் அந்தச் சில நொடிகளில் முட்டைகளைப் புரட்டி வைப்பதைத் தொலைநோக்கியில் காணலாம்.

ஜனவரியும் பிப்ரவரியும் குஞ்சுகளின் காலம். என் விருப்பப் பருவமும் இதுவே. இரை கேட்டுக் கதறும் குஞ்சுகளின் ஒலி கரை முழுதும் கேட்கும். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் இல்லை, அலகைத் தட்டித்தான் ஒலி எழுப்பும், ஆனால் குஞ்சுகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைக்குள் தலையையே நுழைத்து மீனை எடுத்துக்கொள்ளும். நண்பகல் வெயிலில் மஞ்சள்மூக்கு நாரை சிறகுகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதையும், தொண்டையில் நீரைக் கொண்டுவந்து குஞ்சுகளின்மேல் கக்கிக் குளிர்விப்பதையும் பொறுமையுள்ளவர் பார்க்கலாம். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவே பொருந்தாமல் இடைவெளியோடு இருப்பது பலருக்குத் தெரியும்; குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் அது தோன்றுகிறது.

மார்ச்சில் கிளைகளில் நின்று சிறகடித்துப் பழகும் இளம் பறவைகளே பெரும்பான்மை. இளம் மஞ்சள்மூக்கு நாரைக்குப் பெற்றோரிடம் உள்ள இளஞ்சிவப்பு வால்புற இறகுகள் இராது. அழுக்குப் பழுப்பாக இருக்கும் அதை வேறு இனம் என்று குறித்துக்கொள்வோர் பலர்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே ஒன்றுமே இல்லையா?

கூட்டம் இல்லை என்பது உண்மை; ஒன்றுமே இல்லை என்பது உண்மையன்று. பார்வையாளர்களுக்குச் சரணாலயம் திறந்திருக்கும் காலத்தை வனத்துறை ஆண்டுதோறும் நீரையும் பறவைகளையும் பார்த்து முடிவு செய்வதால், இந்த மாதங்களில் நுழைவு இருக்கிறதா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போக முடியாவிட்டாலும், நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடமான படாளத்திலிருந்து வேடந்தாங்கல் வரை உள்ள வயல்வெளிச் சாலையே ஒரு நல்ல பறவைக் களம்.

ஏப்ரலில் தாமதமாகப் பொரித்த கூழைக்கடாக் குஞ்சுகள் எஞ்சியிருக்கலாம். அவை பறக்கத் தேறுவதற்கு மற்றவற்றைவிட நீண்ட காலம் ஆகிறது. சுருங்கிவரும் குட்டைகளில் மீன்கள் செறிவதால் கொக்குகளும் மீன்கொத்திகளும் அங்கே திரளும். மே மாதத்தில் ஏரிப்படுகை வெடித்துக் கிடக்கும். மாடுகள் மேயும், அவற்றின் காலடியில் உண்ணிக்கொக்குகள் பூச்சி பிடிக்கும், மின்கம்பிகளில் பனங்காடையும் கரிச்சானும் அமர்ந்திருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்யும் மாலை இடிமழைகளில் வயல்கள் நனைந்ததும், பனையோலைகளிலும் கிணற்றுக்குமேல் சாய்ந்த மரங்களிலும் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னத் தொடங்கும். மஞ்சள் தலையோடு ஆண் குருவி பாதிக் கூட்டில் தொங்கியபடி பெண்ணை அழைப்பதைப் பார்க்க இதுவே பருவம். ஆகஸ்ட் முடிவதற்குள் வடக்கிலிருந்து முதல் உள்ளான்கள் வந்துவிடும் என்பதையும் பலர் அறிவதில்லை. நாம் வெயிலில் வாடிக்கொண்டிருக்கும்போதே அவற்றின் குளிர்காலப் பயணம் தொடங்கிவிடுகிறது.

வாத்துகளைப் பார்க்க வேடந்தாங்கல் ஏற்ற இடமா?

மரத்தில் கூடு கட்டும் பறவைகளுக்கு வேடந்தாங்கல். வாத்துக்கும் உள்ளானுக்கும் கரிக்கிலி. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கரிக்கிலி, 61 ஹெக்டேர் அளவில், ஆழம் குறைந்து திறந்த நீர்ப்பரப்போடு இருப்பதால், நீந்தியும் சேற்றில் நடந்தும் இரை தேடும் பறவைகள் அதையே விரும்புகின்றன. 1989-இல் அது சரணாலயமானது. புள்ளிமூக்கு வாத்து, சீழ்க்கைச் சிறகி, முக்குளிப்பான், நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான் ஆகியவற்றோடு வலசை வாத்துகளையும் அங்கே தேடலாம். வலசை வாத்துகள் பகலில் நீர்நடுவே தலையை முதுகில் செருகி உறங்குவது போலக் கிடக்கும்; இரவில்தான் வயல்களுக்குப் போய் மேயும். அக்டோபரில் வந்திறங்கும் ஆண் வாத்துகள் இறகு உதிர்த்துப் பெண்ணைப் போலவே மங்கலாக இருப்பதால், அவற்றை இனம் காணத் தொடங்குவோர் ஜனவரி வரை காத்திருப்பது நல்லது. கூட்டம் குறைவாக இருப்பதும் கரிக்கிலிக்குச் சாதகம்.

காலையில் போவதா, மாலையில் போவதா?

இரண்டுக்கும் வேறு வேறு பயன் உண்டு. விடிந்த முதல் இரண்டு மணி நேரத்தில் பறவைகள் இரை தேடப் புறப்படும். ஒளியும் மென்மையாக இருக்கும், காற்றும் குறைவு. ஆனால் ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்பவருக்கு மாலை நான்கு மணியிலிருந்து அடைவு நேரம் வரை இருக்குமாறு சொல்வேன். கொக்குகளும் நீர்க்காகங்களும் அரிவாள் மூக்கன்களும் வரிசை வரிசையாகத் திரும்பி வரும் அதே நேரத்தில், பகலெல்லாம் கிளைக்குள் முடங்கியிருந்த வக்காக்கள் “வக் வக்” என்று கத்தியபடி எதிர்த்திசையில் வேட்டைக்குக் கிளம்பும். நண்பகலில் வந்து போவோர் இவற்றில் எதையும் காணாமல் திரும்புகிறார்கள்.

ஊர் மக்கள் இந்தப் பறவைகளைப் பாதுகாத்து வருவதாகச் சொல்கிறார்களே, அதன் வரலாறு என்ன?

இந்த இடத்தைப் பற்றி அறிய வேண்டியவற்றுள் மிக முக்கியமானது இதுவே என்பேன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயப் படையினர் ஏரிப் பறவைகளைச் சுட்டபோது, வேடந்தாங்கல் மக்கள் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த லயனல் பிளேசிடம் முறையிட்டார்கள். பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை உறுதிசெய்யும் ஆவணமொன்றை 1798-ஆம் ஆண்டளவில் அவரிடமிருந்து பெற்றார்கள். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஓர் உழவர் ஊர் இதைச் செய்திருக்கிறது.

அன்புக்கு அடியில் அனுபவ அறிவும் இருந்தது. ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது அது உரமாகவும் பயன்படுகிறது. எச்சத்திலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நெல்லுக்குப் போகின்றன. சம்பா அறுவடைக்குப் பின் வரும் நவரைப் பட்டத்துக்கு ஏரிநீரை நம்பியிருந்த உழவருக்கு இதை ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் வழக்கமும் இங்கே உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் இதே வழக்கத்தைக் காத்து வருகிறார்கள். வேடந்தாங்கலும் கரிக்கிலியும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. அந்த உலகப் பெருமைக்கு முதல் உரியவர்கள் இந்த ஊர்க்காரர்களே.

சரணாலயம் 30 ஹெக்டேர் ஏரி மட்டும்தானே? அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் எல்லை எதற்கு?

ஏரி, பறவைகள் உறங்கும் இடமும் பிள்ளை வளர்க்கும் இடமும் ஆகும். அவை உண்ணும் இடம் அதைச் சுற்றியுள்ள வயல்களும் குளங்களும் கால்வாய்களும். நத்தைகுத்தி நாரை ஒவ்வொரு நாளும் தேடும் நத்தைகள் நெல்வயலில் இருக்கின்றன. பெரிய நாரையும் கூழைக்கடாவும் பல கிலோமீட்டர் பறந்து வேறு ஏரிகளில் மீன் பிடித்து வருகின்றன. கூட்டம் கூட்டமாகக் குஞ்சு வளர்க்கும் இத்தனை பறவைகளுக்கு உணவளிக்க இந்தச் சிறு ஏரியால் ஒரு வாரம்கூட முடியாது. 2020-இல் இந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கும் முன்மொழிவு வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்ததன் காரணம் இதுதான். சுற்றியுள்ள வயல்கள் மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறி, வரத்துக்கால்கள் தூர்ந்து, பூச்சிக்கொல்லி நத்தைகளை அழித்துவிட்டால், ஏரியில் மரங்களை மட்டும் வேலியிட்டுக் காப்பதால் எந்தப் பயனும் இல்லை. வரும் வழியில் அந்த வயல்களையும் பறவைகளின் நிலமாகவே பாருங்கள்.

என்ன கருவி வேண்டும்?

8×42 அளவுள்ள இருகண் தொலைநோக்கி போதும். 8 என்பது உருப்பெருக்கம். 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதைவிடக் கூடுதல் உருப்பெருக்கம் கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். கரையோர நடைபாதையிலும் கண்காணிப்புக் கோபுரத்திலும் நின்று கூடுகளை நன்கு காணலாம். குறிப்பேடு ஒன்றும் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் நிறங்களைத் தவிர்த்து மண்நிற உடை அணியுங்கள்.

படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பறவை உங்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டால் நீங்கள் அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள். மின்னொளிப் படம், ட்ரோன், கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைத்தல், கைதட்டிப் பறக்கவைத்தல் ஆகியவை எதுவும் கூடாது. கூட்டிலிருந்து பெற்றோர் கலைந்து எழும் ஒரு நிமிடத்தில் காக்கை முட்டையைக் கொத்திப் போய்விடும்; நண்பகலில் நிழலை இழந்த சிறு குஞ்சு வெப்பத்தில் வாடிவிடும். ஒரு நல்ல பறக்கும் படத்துக்காகக் கூட்டத்தைக் கலைப்பவர்களை நான் ஒருபோதும் பறவை ஆர்வலர் என்று ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

பார்த்தவற்றைப் பதிவு செய்வதால் யாருக்குப் பயன்?

ஒரு நாளின் பட்டியல் சிறியதுதான், ஆனால் பல ஆண்டுகளின் பட்டியல்கள் சேரும்போது எந்த இனம் குறைகிறது, எது முன்னதாக வருகிறது என்பது தெளிவாகிறது. இனம், எண்ணிக்கை, நேரம், நீர்மட்டம் ஆகிய நான்கையும் குறித்து, பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் ‘இபேர்ட்’ (eBird) இணையதளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்த முடியும். ஆண்டுதோறும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் புதியவர்களும் கலந்துகொள்ளலாம். பெயர் தெரியாத பறவையை ஊகத்தில் எழுதாமல், கண்ட அடையாளங்களை அப்படியே எழுதி வைப்பது பின்னாளில் பெரிதும் உதவும்.

சென்னையிலிருந்து எப்படிப் போவது?

ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் (சென்னை–திருச்சி நெடுஞ்சாலை) செங்கல்பட்டைத் தாண்டிப் படாளம் கூட்டுச்சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். பேருந்தில் வருவோர் செங்கல்பட்டிலோ மதுராந்தகத்திலோ இறங்கி மாறலாம். விடுமுறை நாட்களில், குறிப்பாகப் பொங்கலையொட்டி, நெரிசல் மிகும். வார நாளில் வர முடிந்தவர்கள் அவ்வாறே வருவது அவர்களுக்கும் பறவைகளுக்கும் நல்லது.

கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் என்ன செய்வது?

தொடாமல், கூட்டம் சேர்க்காமல், சரணாலயப் பணியாளரிடம் உடனே தெரிவியுங்கள். கரையோரம் தடுமாறி நிற்கும் இளம் பறவைகள் பல, பறக்கப் பழகும்போது இறங்கியவையாக இருக்கும்; பெற்றோர் அருகிலேயே இருக்கக்கூடும். பிஸ்கட்டோ சோறோ கொடுப்பது தீங்காக முடியும், ஏனெனில் அவற்றின் உணவு மீனும் நத்தையும் தவளையும்தான். வீட்டுக்கு எடுத்துச் சென்று வளர்ப்பது நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சட்டப்படி குற்றம்.